மனவடுவுக்கு மருந்து: பேச்சு, மாத்திரை, மூச்சு, சடங்கு

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, தமிழ் பேசும் இரண்டு கரைகளில் மனவடு நோய்க்கு இரண்டு விதமான சிகிச்சைகள் சோதித்துப் பார்க்கப்பட்டன. இலங்கையின் வடகிழக்கில், அலை வந்துபோன சில வாரங்களிலேயே, அவசரமாக எழுப்பிய முகாம்களில் இருந்த 8 முதல் 14 வயதுவரையான 31 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் தங்களுக்கு நடந்ததைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வாய்விட்டு விவரித்தார்கள். மற்றவர்கள் தியானமும் உடல் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். இருவருக்கும் ஆறு அமர்வுகள். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது விவரித்தவர்களில் 81 சதவீதமும் தியானம் செய்தவர்களில் 71 சதவீதமும் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள்.

நாகப்பட்டினத்தில் 6,000-க்கும் மேற்பட்டோரை அலை கொண்டுபோயிருந்தது. அங்குள்ள முகாம்களில் 183 பேரிடம் வேறொரு சோதனை நடந்தது. ஒரு குழுவுக்கு எட்டு மணிநேர யோக மூச்சுப் பயிற்சி. இரண்டாவது குழுவுக்கு அதே பயிற்சியோடு, நினைவை எதிர்கொள்ளும் சிகிச்சை 3 முதல் 8 மணிநேரம். மூன்றாவது குழு ஆறு வாரம் காத்திருந்தது. 17-இலிருந்து 85 வரை போகும் அறிகுறி அளவுகோலில் முதல் குழுவின் சராசரி 42.5 புள்ளி இறங்கியது, இரண்டாவதில் 39.2, காத்திருந்தவர்களுக்கு வெறும் 4.6.

இந்த இரண்டு முடிவுகளையும் கையில் எடுத்துக்கொண்டு ‘மூச்சுப் பயிற்சியே போதும், பழையதைக் கிளற வேண்டாம்’ என்று சொல்வோர் இருக்கிறார்கள். அப்படிச் சொல்லிவிட முடியாது. இலங்கைச் சோதனையில் சிகிச்சையே பெறாத குழு என்று ஒன்று இல்லை. நிகழ்வு நடந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் பல பிள்ளைகள் தாமாகவே தேறியிருக்கவும் கூடும். நாகையில் ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை, முகாம் முகாமாகப் பிரித்தார்கள். ஒரு முகாமில் நல்ல கூரையும் நல்ல தலைவரும் அமைந்திருந்தால் அதுவும் கணக்கில் சேர்ந்துவிடும். அதோடு, 42 புள்ளி இறக்கம் என்பது ஏறத்தாழ தரையைத் தொடுவது. அதற்குமேல் இறங்க இடமில்லாததால், இரண்டாவது சிகிச்சை கூடுதலாக என்ன செய்தது என்பது அந்த எண்ணில் தெரியாது.

ஆனால் ஒன்றை மனதில் வைக்கவேண்டும். உடலின் பதற்றத்தை அமர்த்துவது ஒரு வேலை, நினைவோடு கணக்குத் தீர்ப்பது இன்னொரு வேலை. முதல் வேலையைச் செய்ய நம்மிடம் நிறைய வழிகள் உண்டு. அதை இரண்டாவது வேலைக்குப் பதிலாக வைக்கும்போதுதான் சிகிச்சை ஆண்டுக்கணக்கில் இழுபடுகிறது.

எது நோய்?

பெரிய அதிர்ச்சிக்குப் பின் தூக்கம் கெடுவதும், சத்தத்துக்குத் தூக்கிவாரிப்போடுவதும், கண்ணை மூடினால் அந்தக் காட்சி வருவதும் இயல்பு. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இது தானாகவே தணியும். ஒரு மாதம் தாண்டியும் தணியாமல், வேலையையும் வீட்டையும் பாதித்தால்தான் மருத்துவர்கள் நோய் என்கிறார்கள். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இது தனிப் பெயரோடு இடம்பெற்றது. தமிழில் ‘மனவடு’ என்ற சொல், குறிப்பாக ஈழத்தில், நன்றாக ஊன்றிவிட்டது. வடு என்ற சொல்லிலேயே, புண் ஆறியும் தடம் நிற்பது தெரிகிறது.

நோயாளி ‘எனக்கு மனவடு’ என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. தலையிடி, நெஞ்சு பதறுது, கைகால் விறைக்குது, பெருமூச்சாய் வருது என்றுதான் வருவார். பொது மருத்துவரிடம் ஈசிஜி எடுத்து, வயிற்றுக்கு ஸ்கேன் எடுத்து, விட்டமின் மாத்திரை வாங்கி, ஒரு வருடம் ஓடியிருக்கும். ‘அந்தச் சம்பவம் கனவில் வருதா? அந்த இடத்துப் பக்கம் போறதைத் தவிர்க்கிறீங்களா?’ என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். பதற்றத்தை நோயாக நிலைநிறுத்துவது தவிர்ப்பு. கடல் பக்கம் போகாதவருக்கு, கடல் இன்று அமைதியாக இருக்கிறது என்பதை மூளை கற்றுக்கொள்ள வாய்ப்பே கிடைக்காது. ஒவ்வொரு முறை விலகும்போதும் உடனடி நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே அடுத்த முறை இன்னும் தூரமாக விலகச் சொல்கிறது.

நினைவை நெருங்கும் சிகிச்சைகள்

ஆய்வுகளில் அதிகம் தேறி நிற்பவை இவைதான். நீடித்த எதிர்கொள்ளல் சிகிச்சை என்பதை அமெரிக்க உளவியலாளர் எட்னா ஃபோவா வகுத்தார். வாரம் ஒன்று அல்லது இரண்டு என, 90 நிமிட அமர்வுகள் 8 முதல் 15 வரை. பிள்ளையை அலையில் இழந்த ஒரு மீனவர் வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு அமர்வுகளில் நோய் எப்படி நிலைக்கிறது என்று விளக்கி, அவர் எதையெல்லாம் தவிர்க்கிறார் என்று ஒரு ஏணி போடுவார்கள். படி ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை அவரே மதிப்பெண் கொடுப்பார். வீட்டுக்குள் உட்கார்ந்து அலைச் சத்தத்தைக் கேட்பது 25. பகலில் கடற்கரைச் சாலையில் வண்டியில் போவது 40. அண்ணனோடு மணலில் உட்காருவது 55. காலில் அலை படும்படி நிற்பது 75. விடியற்காலையில் படகில் ஏறுவது 95. நடுப்படியில் தொடங்கி ஒவ்வொரு படியிலும் அரைமணி முதல் முக்கால் மணிநேரம், அல்லது பதற்றம் பாதியாகும்வரை, நிற்கவேண்டும். மறுநாளும் அதே படி.

மூன்றாம் அமர்விலிருந்து நினைவுக்குள் போவது. கண்ணை மூடிக்கொண்டு, நிகழ்காலத்தில், 30 முதல் 45 நிமிடம் சொல்லவேண்டும். ‘அண்ணே, இப்ப எங்க நிக்கிறீங்க? கால்ல என்ன படுது? பையன் கை எப்படி இருக்கு?’ என்று ஆலோசகர் மெல்லக் கேட்டுக்கொண்டே வருவார். சொல்லி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து. அதை அவரது கைப்பேசியிலேயே பதிவு செய்து, வீட்டில் தினமும் ஒருமுறை கேட்கச் சொல்வார்கள். அலையின் சத்தம், சேற்று வாசனை என்று சிதறிக் கிடந்த துண்டுகள், நாளும் நேரமும் உள்ள ஒரு பழைய நிகழ்வாகக் கோத்துக்கொள்வது இந்தத் திரும்பச் சொல்லலில்தான். முதல் வாரத்தில் கனவு கூடும், எரிச்சல் கூடும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் ‘கிளறிவிட்டுட்டாங்க’ என்று குடும்பமே நிறுத்திவிடும்.

எங்கே கோணுகிறது? பதற்றம் உச்சியில் இருக்கும்போது ஆலோசகரே பயந்துபோய் ‘சரி, விடுங்க, தண்ணி குடிங்க’ என்று நிறுத்துவதுதான் முதல் பிழை. தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்ற பழைய பாடத்தையே அது உறுதி செய்கிறது. இரண்டாவது பிழை கண்ணுக்கு எளிதில் தெரியாது. மணலில் நிற்கிறார், ஆனால் கையில் தாயத்தை இறுக்கிப் பிடித்தபடி, மனதுக்குள் மந்திரம் சொல்லியபடி நிற்கிறார். உடல்தான் கடலருகே இருக்கிறது. ‘தாயத்து காப்பாத்திச்சு’ என்பதையே மூளை கற்றுக்கொண்டு வீடு திரும்பும். தாயத்தைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அந்த முக்கால் மணிநேரம் மட்டும் அது வீட்டில் இருக்கட்டும்.

போர், சிறை, இடப்பெயர்வு என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடிபட்டவர்களுக்கு ஒரே நிகழ்வை மட்டும் எடுத்துக்கொள்வது பொருந்தாது. அவர்களுக்காக ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகக் குழு உருவாக்கியது கதைகூறல் எதிர்கொள்ளல் சிகிச்சை. இலங்கை முகாம் பிள்ளைகளுக்குக் கொடுத்தது இதன் சிறார் வடிவத்தைத்தான். முதல் நாள் தரையில் ஒரு கயிற்றை விரிப்பார்கள். ஒரு நுனி பிறப்பு. நல்ல நிகழ்வுக்குப் பூ, கொடிய நிகழ்வுக்குக் கல், பெரிய அடிக்குப் பெரிய கல். வயது வரிசையில் அடுக்கியபின் கயிற்றின் மறுநுனியைச் சுருட்டியே விடுவார்கள். இன்னும் வராத நாட்கள் அதற்குள் இருக்கின்றன. அன்று பெயர் மட்டும்தான், விவரம் கேட்பதில்லை. அடுத்த அமர்விலிருந்து பிறப்பில் தொடங்கி, ஒவ்வொரு கல்லிலும் நிதானித்து, அப்போது என்ன பார்த்தாய், உடல் என்ன செய்தது, இப்போது சொல்லும்போது உடல் என்ன செய்கிறது என்று மாறி மாறிக் கேட்டுப் போவார்கள். ஆலோசகர் எழுதி, அடுத்த முறை வாசித்துக் காட்டித் திருத்துவார். முடிவில் அந்த வாழ்க்கை வரலாறு எழுத்தாகவே அவர் கைக்குப் போகும். சாட்சியம் சொல்ல இடமில்லாமல் போன சமூகத்தில் அந்தத் தாள்களுக்கு மருத்துவத்தைத் தாண்டிய மதிப்பு உண்டு.

குற்றவுணர்வும் வெட்கமும் ஓங்கி நிற்பவர்களுக்குப் பட்ரீசியா ரெசிக் வகுத்த 12 அமர்வுச் சிந்தனைச் சிகிச்சை நன்றாகப் பொருந்தும். ‘அது ஏன் நடந்தது என்று நினைக்கிறேன்’ என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரச் சொல்வார்கள். ‘நான் கையை விட்டுட்டேன், நான்தான் கொன்னுட்டேன்’ என்பதுபோல் மனம் சிக்கிக்கொண்ட வாக்கியங்களை அதிலிருந்து பிரித்தெடுத்து, சான்று என்ன என்று தாளில் ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள். நம் ஊரில் இந்த வாக்கியங்கள் ‘என் ஜாதகம்’, ‘முன்வினை’, ‘நான் ராசி இல்லாதவ’ என்ற உருவத்தில் வரும். அதை மூடநம்பிக்கை என்று வெட்டினால் ஆள் எழுந்து போய்விடுவார். ‘அந்த ராசிதான் அலையைக் கொண்டுவந்துச்சுன்னா, பக்கத்து ஊர்ல செத்தவங்களுக்கு யார் ராசி?’ என்று அவரையே யோசிக்க விடுவதுதான் வேலை.

ஃபிரான்சைன் ஷாப்பிரோ 1989-இல் வெளியிட்ட கண் அசைவுச் சிகிச்சையும் பட்டியலில் உண்டு. காட்சியை மனதில் வைத்துக்கொண்டு ஆலோசகரின் விரலைக் கண்ணால் இடவலமாகத் தொடரவேண்டும். பலன் இருக்கிறது, கண் அசைவுதான் காரணமா, காட்சியை மனதில் தாங்கிப் பிடிப்பது காரணமா என்ற விவாதம் தீரவில்லை. நிறையப் பேசப் பிடிக்காதவர்களுக்கு இது எளிது.

மாத்திரை எதைச் செய்யும்?

இந்த நோய்க்கென்று அமெரிக்க மருந்து ஆணையம் அனுமதித்தவை செர்ட்ரலின், பராக்ஸிடின் இரண்டு மட்டுமே. வென்லாஃபாக்சினையும் வழிகாட்டிகள் பரிந்துரைக்கின்றன. செர்ட்ரலின் பொதுவாக 25 மில்லிகிராமில் தொடங்கி, ஒரு வாரத்தில் 50 ஆகி, தேவைக்கேற்ப 200 வரை போகும். முதல் பத்து நாட்கள் குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைபாரம் இருக்கலாம். பலனோ நான்கு முதல் ஆறு வாரம் கழித்துத்தான் தெரியும். பெரும்பாலோர் கைவிடுவது இந்த இடைவெளியில்தான். 25 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று வீட்டார் கவனிக்கவேண்டும். தேறியபின்னும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் தொடர்ந்து, பிறகு மருத்துவர் சொல்லும் வேகத்தில் குறைக்கவேண்டும். பராக்ஸிடினையும் வென்லாஃபாக்சினையும் திடீரென நிறுத்தினால் தலையில் மின்சாரம் பாய்வதுபோல் உதறும். அதை நோய் திரும்பிவிட்டதாக எண்ணிப் பயப்படுவோர் பலர். பாலுறவு நாட்டம் குறைவதை ஆண்களும் பெண்களும் வாய்திறந்து சொல்வதில்லை. சொல்லாமலே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். மருத்துவரே கேட்டுவிடுவது நல்லது.

கெட்ட கனவுக்குப் பிரசோசின் என்ற இரத்த அழுத்த மாத்திரையை இரவில் 1 மில்லிகிராமில் தொடங்கிக் கொடுப்பதுண்டு. முதல் இரவு எழுந்ததும் தலைசுற்றி விழ வாய்ப்புண்டு; படுக்கையில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழவேண்டும். 2018-இல் அமெரிக்கப் படைவீரர் 304 பேரிடம் நடந்த பெரிய சோதனையில் வெற்று மாத்திரையை விட இது மேலாக இல்லை. சிலருக்கு நன்றாகக் கேட்கிறது என்பதால் பயன்பாடு நிற்கவில்லை.

அல்பிரசோலம், குளோனசெபாம், டயஸெபாம் ஆகியவற்றைப் பற்றி அழுத்தமாகவே சொல்லவேண்டும். ‘தூக்க மாத்திரை’ என்ற பெயரில் நம் ஊர்களில் இந்த நோய்க்கு அதிகம் போகிறவை இவை. இரண்டு இரவு நன்றாகத் தூங்க வைக்கும். பிறகு அளவு ஏறும், பழக்கமாகும். அதைவிட, எதிர்கொள்ளல் சிகிச்சையில் மூளை கற்கவேண்டிய பாடத்தை இவை மழுங்கடிக்கின்றன. அமெரிக்கப் படைவீரர் துறையின் 2023 வழிகாட்டி இவற்றைக் கொடுக்கவேண்டாம் என்றே சொல்கிறது. மாத்திரையைவிட உளச்சிகிச்சைக்கு முதலிடம் தருகிறது. ஏற்கெனவே மாதக்கணக்கில் எடுப்பவர் ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. வலிப்பு வரலாம். படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும்.

எம்டிஎம்ஏ என்ற போதைப்பொருளைத் துணையாக வைத்துச் செய்யும் உளச்சிகிச்சை பற்றிப் பெரும் பேச்சு எழுந்தது. 2024 ஆகஸ்டில் அமெரிக்க மருந்து ஆணையம் அதை ஏற்க மறுத்து, மேலும் ஒரு சோதனை கேட்டது.

மூச்சு, ஆசனம், மூலிகை, சந்நிதி

மூச்சுப் பயிற்சியில் எந்த மூச்சு என்பதுதான் கேள்வி. நான்கு எண்ணும் நேரம் உள்ளே, ஆறு எண்ணும் நேரம் வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு. காலை 10 நிமிடம், மாலை 10 நிமிடம். இது நெஞ்சுத் துடிப்பை மெதுவாக்கும், பெரும்பாலோருக்குத் தீங்கில்லை. கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேக மூச்சு வேறு. இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து விரல் மரத்து, தலை கிறுகிறுத்து, நெஞ்சு அடிக்கும். சம்பவ நாளில் உடலுக்கு இருந்த அதே நிலை. மீள்நினைவு அங்கேயே பாய்ந்து வரலாம். ஆகவே தொடக்கத்தில் வேக மூச்சு வேண்டாம்.

யோகாவுக்கும் சான்று உண்டு. பல சிகிச்சைக்கும் தேறாத 64 பெண்களிடம் அமெரிக்காவில் நடந்து 2014-இல் வெளியான சோதனையில், வாரம் ஒரு மணிநேரம் வீதம் 10 வாரம் யோகா செய்தவர்களில் 52 சதவீதத்தினர் நோய் வரையறையிலிருந்து வெளியேறினார்கள். உடல்நலக் கல்வி மட்டும் பெற்றவர்களில் 21 சதவீதத்தினர். அந்த வகுப்பு நம் வழக்கமான வகுப்பு மாதிரி அல்ல. ஆசிரியர் யாரையும் தொட்டுத் திருத்துவதில்லை. ‘விரும்பினால் கையைத் தூக்கிப் பாருங்கள்’ என்றுதான் சொல்வார். கண் திறந்திருக்கலாம். இருட்டறையில் சவாசனம் கட்டாயமில்லை. பாலியல் வன்முறைக்கோ சித்திரவதைக்கோ ஆளானவருக்கு, மல்லாந்து படுத்திருக்கும்போது பின்னாலிருந்து ஒரு கை தோளில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை யோகா ஆசிரியர்கள் அறிந்திருக்கவேண்டும். தியானத்திலும் இதே கவனம் தேவை. ஐந்து நிமிடம், கண் திறந்து, கால் தரையில் படுவதைக் கவனிப்பதில் தொடங்கலாம். நோய் தீவிரமாக இருக்கும்போது பத்து நாள் மௌன முகாமுக்கு அனுப்புவது ஆபத்து. அந்த மௌனத்தில் என்ன எழும் என்று யாராலும் சொல்ல முடியாது, தாங்கிப் பிடிக்கவும் அங்கே ஆள் இருக்காது.

யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் நீண்டகாலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், தளர்வுப் பயிற்சியை நோயாளியின் சமயச் சொல்லோடு சேர்த்தார். சைவருக்கு ‘ஓம்’ என்ற உச்சாடனம், மற்றவர்க்கு அவரவர் செபம். உள்ளே ஊறிய சொல் என்பதால் அதைத் தனியாகக் கற்பிக்க வேண்டியதில்லை, வீட்டில் தொடரவும் எளிது. தனிமனிதருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதாது, உடைந்த ஊரையும் உறவையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பது அவர் தொடர்ந்து வலியுறுத்திய கருத்து.

சடங்கின் பலம் அங்கேதான். எட்டுச் செலவு, அந்தியேட்டி, ஆண்டுத் திவசம் என்று நாள் குறித்து, உறவைக் கூட்டி, இறந்தவரைப் பெயர் சொல்லி அழ விடுகிறோம். ஒப்பாரியில் நடந்தது முழுக்கக் கதையாக வெளியே வருகிறது. காணாமல் ஆக்கப்பட்டவரின் தாய்க்கு இந்த வாசல் அடைபட்டிருக்கிறது. உடலில்லை, நாளில்லை, திவசம் செய்தால் பிள்ளையைத் தானே சாகடித்ததாகும். மட்டக்களப்பு அம்மன் கோயில்களில் தெய்வமேறியவரிடம் வாக்குக் கேட்கப் போர்க்காலத்தில் குடும்பங்கள் திரண்டதை மானிடவியலாளர் பட்ரீசியா லோரன்ஸ் பதிவு செய்திருக்கிறார். வெளியே சொன்னால் உயிருக்கு ஆபத்தான துயரத்தை அந்த வாசலில் சொல்ல முடிந்தது.

ஆனால் சந்நிதியில் சங்கிலி வந்தால் அது சிகிச்சை அல்ல. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்கா அருகிலிருந்த காப்பகத்தில், சங்கிலியால் பிணைத்து வைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் இறந்தார்கள். அதன்பிறகு துவாவோடு, அதாவது பிரார்த்தனையோடு, மருந்தும் என்ற ஏற்பாடு அங்கே வந்தது. நோயாளி எங்கே நம்பிப் போகிறாரோ அங்கேயே மருத்துவரும் உட்காருவது நல்ல வழி.

மூலிகைகளில் எச்சரிக்கை வேண்டும். அஸ்வகந்தா தூக்கத்துக்கு உதவலாம், ஆனால் ஈரல் பாதிப்பு ஏற்பட்ட பதிவுகள் உண்டு. தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கம் கூடும். சர்ப்பகந்தா இரத்த அழுத்தத்தை இறக்கும். பிரசோசினோடு சேர்ந்தால் மயங்கி விழலாம். சித்த மருத்துவரிடம் ஆங்கில மருந்துச் சீட்டையும், மனநல மருத்துவரிடம் சூரணப் பெயரையும் காட்டவேண்டும். திட்டுவார்கள் என்று மறைப்பதால் வரும் கேடுதான் பெரிது.

எதை முதலில்?

சம்பவம் நடந்த முதல் நாட்களில் சிகிச்சையே வேண்டாம். எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து ‘நடந்ததைச் சொல்லுங்கள்’ என்று ஒரே அமர்வில் கறக்கும் முறையை உலக சுகாதார நிறுவனமே தவிர்க்கச் சொல்கிறது. அது பலன் தருவதில்லை. சாப்பாடு, படுக்க இடம், பிரிந்த குடும்பத்தைச் சேர்ப்பது, சரியான தகவல், பேச விரும்பினால் கேட்க ஒரு காது. அந்த நாட்களுக்கு இவ்வளவுதான் தேவை.

ஒரு மாதம் தாண்டியும் தீராவிட்டால் மெதுமூச்சையும் தூக்க ஒழுங்கையும் முதல் இரண்டு வாரம் பழகிக்கொண்டு, நினைவை நெருங்கும் சிகிச்சைக்குள் போவது நல்ல வரிசை. தயாராகிக்கொண்டே மாதங்களைக் கடத்தக்கூடாது. ஆலோசகர் கிடைக்காத ஊரில், அல்லது மனச்சோர்வு மிகுந்து அமர்வுக்கே வர முடியாத நிலையில், செர்ட்ரலின் முதலில் வரலாம். தினமும் மது குடிப்பவருக்குக் குடிப்பழக்கத்துக்கும் சேர்த்தே சிகிச்சை தொடங்கலாம், முழுதாக நிறுத்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடிக்கும் கணவனோடு இன்னும் ஒரே வீட்டில் இருப்பவருக்குப் பாதுகாப்புதான் முதல் சிகிச்சை. அவருடைய பயம் இன்றைக்கும் உண்மையான பயம்.

பலன் தெரிகிறதா என்பதை அளந்து பார்க்கவேண்டும். 20 கேள்விகள், 0 முதல் 80 வரை மதிப்பெண் உள்ள படிவம் ஒன்று உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிரப்பப் பத்து நிமிடம் போதும். 10 புள்ளி இறங்கினால் அது உண்மையான மாற்றம். ஆறேழு அமர்வு போயும் எண் அசையவில்லை என்றால், தவிர்ப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று ஆலோசகரும் நோயாளியும் சேர்ந்து தேடவேண்டும், அல்லது முறையை மாற்றவேண்டும். ‘எத்தனை அமர்வு? வீட்டில் என்ன பயிற்சி? நடந்ததைப் பற்றி எப்போது பேசுவோம்?’ என்ற மூன்று கேள்விகளை முதல் நாளே கேட்கலாம். பதில் சொல்ல முடியாதவரிடம் பணம் கட்டவேண்டாம். தொடங்க இடம் தெரியாதவர்களுக்கு இந்தியாவில் டெலிமானஸ் 14416, இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 ஆகிய எண்களில் தமிழிலேயே பேசலாம்.